நான் குறைத்து எழுதிய ஒரு மீட்டர்

நான் ஒரு மீட்டரைத் திருடினேன்.

சிரிக்காதீர்கள். மீட்டரை யாராவது திருட முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும். ஒரு தாளும் பேனாவும் போதும். பிள்ளைச்சாவடி மக்கள் பார்த்துப் பார்த்துச் சீர்படுத்திய கால்பந்து மைதானத்தின் அகலத்தில் ஒரு மீட்டரைக் குறைத்து எழுதினேன். அவர்கள் ஊரில் நடக்க வேண்டிய ஆட்டம், நகரத்தின் பெரிய விளையாட்டரங்கத்துக்கு மாறிப் போனது. எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றும் செய்தேன். அது இதைவிடக் கேவலம். அதை அதன் இடத்தில் சொல்கிறேன். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளர். வயது ஐம்பத்து நான்கு. இருபத்தாறு வருடங்களாக ஒரு நாளும் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், ஸ்கூட்டர் ஓடிய தூரம், மழை பிடித்த நேரம், விட்ட நேரம்... என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் பொதுப்பணியில் சாலை அளந்தவர். மீட்டரைக் கடைசிவரை 'மெத்ர்' என்றுதான் சொல்வார். மற்ற ஊர்க்காரர்கள் அடியிலும் கெஜத்திலும் அளந்த நாளிலேயே நாம் மெத்ரில் அளந்தோம் என்று அவருக்குப் பெருமை தாங்காது. அந்த வீட்டில் பிறந்தவன் நான்.

அதனால்தான் கல்லூரிகளுக்கிடையிலான பெண்கள் கால்பந்துப் போட்டிக்கு என்னை மைதானக் குழுச் செயலாளராக வைத்திருந்தார்கள். எந்தக் கல்லூரி தன் மைதானத்தில் ஆட்டம் நடத்த விரும்பினாலும் நான் போய் அளக்க வேண்டும். அகலம் அறுபது மீட்டருக்குக் குறைந்தால் அந்த மைதானம் தகுதியற்றது. ஆட்டத்தை இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத பொது இடத்துக்கு மாற்ற வேண்டும். இதுதான் விதி. நான் அளந்ததை இன்னொருவர் சரிபார்த்ததே இல்லை.

அந்த வருட அரையிறுதியில் எங்கள் கல்லூரியும் கடற்கரைச் சாலைக் கல்லூரி ஒன்றும் மோத வேண்டியிருந்தது. சீட்டுக் குலுக்கியதில் ஆட்டம் அவர்கள் மண்ணில் என்று விழுந்தது. அவர்களுடைய மைதானத்தில் அப்போது கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் அணியின் பதினொரு பெண்களில் ஐந்து பேர் பிள்ளைச்சாவடிக்காரர்கள். ஆகவே அந்த ஊர்த் திடலையே தங்கள் மைதானமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எதிரணிக் கல்லூரிக்காரன் நான். என் கையிலேயே டேப்பைக் கொடுத்தார்கள்! ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அப்படி ஒரு நம்பிக்கை...

திடலுக்கு நான் போனபோது காலை ஏழு மணி பத்து நிமிடம். அது வலை காயப் போடும் இடம். வலை கட்டும் சவுக்குக் கழிகளை எல்லாம் பிடுங்கி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். கழி நின்ற குழிகளில் செம்மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்திருந்தார்கள். நான் எண்ணினேன். நாற்பத்தொரு குழிகள்.

நூறு மீட்டர் டேப்பின் ஒரு முனையை அவர்கள் அணித் தலைவி வனிதா பிடித்துக்கொண்டாள். மெலிந்த, கறுத்த பெண். இரண்டாம் ஆண்டு வணிகவியல். கோட்டின் மேல் மண்டியிட்டு, முனையை இரண்டு கட்டைவிரலாலும் தரையோடு அழுத்திக்கொண்டாள்.

"இழுங்க சார்! நான் புடிச்சிருக்கேன்!"

இழுத்தேன். நாடா விண்ணென்று நின்றது. படித்தேன்.

"அறுபது மீட்டர் இருபது."

அவள் குதித்தாள். "நாந்தான் சொன்னேன்ல? எங்க பெரியப்பா காலடி வெச்சி அளந்துட்டு பத்தாது பத்தாதுன்னாரு சார். அவரு காலு அவ்ளோ நீளம்!"

திடலை ஒட்டியிருந்த வீட்டு வாசலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வனிதாவின் அப்பா, தேசிங்கு. மூன்று வருடங்களுக்கு முன் கரையில் ஏற்றும்போது படகு சரிந்து முதுகில் விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர்.

"சார், கோடு இங்கருந்து எம்மாந்தூரம்னு பாருங்க" என்றார். "நாற்காலிய நவுத்தவே வேணாம். எம் பொண்ணு ஆடறத ஒரு வாட்டிகூட பாத்ததில்ல. எல்லாம் டவுன்லயே வெச்சிடறானுங்க. இந்தவாட்டி எங்கூட்டு வாசல்லயே வெச்சிருக்கான் பாருங்க!"

நாற்காலியிலிருந்து கோடு வரை அளந்தேன். பதினேழு மீட்டர். அதையும் குறித்துக்கொண்டேன். ஆட்டத்தன்று ஒரு படகும் கடலுக்குப் போகக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டதாக வனிதா சொன்னாள். கோயில் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் முடிவு அது.

எல்லாம் தெரிந்துதான் செய்தேன். இதை மறந்துவிடாதீர்கள். தெரியாமல் செய்தவன் அல்ல நான்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். எங்கள் கல்லூரி ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவா? அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் உண்மைக் காரணத்தைச் சொன்னால் நம்புவீர்களா? அதற்கு முந்தைய மாதம், ஒரு கடிதம் கொடுப்பதற்காக அந்தப் பெரிய அரங்கத்துக்குப் போயிருந்தேன். யாருமில்லை. ஒரு சின்னக் கதவு வழியாக உள்ளே நுழைந்தேன். அப்பப்பா! நாலாபுறமும் படிக்கட்டு படிக்கட்டாக எழுந்து வானத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் அந்தப் பச்சை... நான் இருமினேன். என் இருமல் எங்கெங்கோ சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்தது.

அப்போதே பதினொரு வருடங்களாக ஆட்டங்களை நடத்திவந்தேன். நாற்பது பேர் பார்ப்பார்கள். அதில் பத்துப் பேர் கைப்பேசியில் இருப்பார்கள். என் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றுமே நடந்ததில்லை. ஒரே ஒரு ஆட்டத்தை, ஒரே ஒரு முறை, அங்கே நடத்திப் பார்க்க வேண்டும்... அந்த ஆசை அன்றைக்குத்தான் பிடித்துக்கொண்டது.

அன்று பிற்பகல் அலுவலகத்தில் அறிக்கையை எழுதினேன். நீளம், சரியாக. கோல் கம்பங்களின் உயரம், சரியாக. அகலம் என்ற கட்டத்தில், 59.20.

கை நடுங்கவில்லை. எழுத்து கோணவில்லை. அதுதான் இன்றுவரை என்னைப் பயமுறுத்துகிறது. மாலையில் நாட்குறிப்பில் 60.20 என்று எழுதினேன். நாட்குறிப்பில் பொய் எழுத எனக்கு வரவில்லை. என்ன வேடிக்கை! பூட்டி வைக்கும் நோட்டுக்கு உண்மை, ஊருக்குப் பொய்.

குழு உடனே ஏற்றுக்கொண்டது. ஆட்டத்துக்குக் குறித்திருந்த சனிக்கிழமை பெரிய அரங்கம் காலியாக இருந்தது. எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது. கடிதம் போய்ச் சேர்ந்த நாளில் வனிதா எனக்குப் போன் செய்தாள்.

"சார், கிரவுண்டு பத்தலன்னு லெட்டர் வந்திருக்குது. அன்னிக்கு அறுபது இருபதுன்னுதான சொன்னீங்க?"

அதில் கோபமே இல்லை. சந்தேகம் கேட்கும் மாணவியின் குரல். அந்த நொடியில் நான் சொல்லியிருக்கலாம். தவறு நேர்ந்துவிட்டது, திருத்தி விடுகிறேன் என்று ஒரு வரி...

நான் சொன்னது இது: "டேப்பு தொய்வா இருந்துச்சும்மா. அந்தத் தொய்வக் கழிச்சிட்டுத்தான் எழுதணும்."

பிறகு மெதுவாக, "அப்போ நாந்தான் சரியா புடிக்கலையா சார்?"

நான் வாய் திறக்கவில்லை. என் மௌனத்தை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

இதுதான் அந்த இரண்டாவது. அறுபது மீட்டரில் ஒரு மீட்டர் தொய்வு வர வேண்டுமானால் நாடா மணலில் பாம்பு போல வளைந்து நெளிந்து கிடந்திருக்க வேண்டும். விவரம் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். விண்ணென்று நின்ற நாடாவைத் தன் கட்டைவிரலிலேயே உணர்ந்தவள் அவள். ஆனாலும் நம்பினாள்... சொன்னவன் நான் என்பதால்!

சனிக்கிழமை வந்தது. ஆட்டம் மூன்றரைக்கு. இரண்டரை வரை அரங்கத்தில் எங்கள் கல்லூரிப் பெண்களும் சில பெற்றோரும் மட்டுமே. அந்தப் பிரம்மாண்டத்தில் கைப்பிடி எள்ளை இறைத்தது போல இருந்தார்கள். என் ஆசையைப் பார்த்து நானே வெட்கப்பட்டேன்.

பிறகு வெளியே ஹாரன் சத்தம்.

முதலில் ஒரு குட்டியானை வண்டி. அதன் பின்னால் இன்னொன்று. பின்னால் இன்னொன்று... மீன் ஏற்றும் வண்டிகள் அத்தனையும். நின்றபடி மனிதர்கள். பதினான்கு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். எண்ணுவதை நான் பாதியில் விட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஆட்டம் இடம் மாறினாலும் ஊர்க்கூட்டத்தின் முடிவு மாறவில்லை. அன்று பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. ஊரே எழுந்து வந்துவிட்டது!

மார்க்கெட்டிலிருந்து நேராக வந்த பெண்கள், தலையில் சும்மாடு அப்படியே இருக்க, படிகளில் ஏறினார்கள். அரங்கம் முழுக்கக் கடல் வாசனை. எதிரொலித்த சிமெண்டுப் படிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வந்தன.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். எட்டு ஆண்கள். அவர்கள் தோள்களில் இரண்டு நீண்ட சவுக்குக் கழிகள். கழிகளுக்கு நடுவே கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தேசிங்கு.

அந்தக் கழிகளை எனக்குத் தெரியும். திடலிலிருந்து பிடுங்கி அடுக்கியிருந்த வலைக் கழிகள்.

கீழ்ப்படியில் வந்ததும் ஒருவர் குரல் கொடுத்தார். படகை மணலில் ஏற்றும்போது கொடுக்கும் அதே குரல். எட்டுப் பேரும் பதில் குரல் கொடுத்து ஒரு படி ஏறினார்கள். அடுத்த படிக்குப் பதில் குரல் கொடுத்தது எட்டுப் பேர் இல்லை, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நூறு பேர். அதற்கடுத்த படிக்கு, அரங்கமே! ஒவ்வொரு படிக்கும் அந்தக் குரல் எழுந்து, எதிர்ப்படிகளில் மோதி, எங்கள் மேல் விழுந்தது. எங்கள் கல்லூரிப் பெண்களும் கூடச் சேர்ந்து கத்தினார்கள். என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நெஞ்சுக் கூட்டுக்குள் யாரோ மேளம் அடிப்பது போல... கண்ணில் நீர் வந்துவிட்டது. இதைவிடப் பெரிதான ஒன்றை நான் பார்த்ததில்லை. இனிப் பார்க்கப் போவதும் இல்லை.

நீங்களே சொல்லுங்கள். திருடியவனுக்கு இப்படி ஒரு காட்சியைக் கொடுப்பார்களா?

எனக்குப் பின்வரிசையில் ஒரு கிழவர் மைதானத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏ டேப்பு! அன்னிக்கி ஒழுங்கா புடிச்சிருந்தீன்னா இம்மாந்தூரம் வந்து சாவணுமா?"

ஊர் முழுக்கச் சிரித்தது. கீழே வனிதாவும் சிரித்தபடி கையைத் தூக்கி, முனையைப் பிடிப்பது போல இரண்டு கட்டைவிரலையும் காட்டினாள். நான் மட்டும் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

அவர்கள் தோற்றார்கள். ஒரே ஒரு கோல்.

மணல் கலந்த மண்ணில் பழகிய கால்கள் அவை. அங்கே ஓங்கி உதைத்தால்தான் பந்து போய்ச் சேரும். இங்கே புல் எதையும் பிடித்து நிறுத்தவில்லை. வனிதா ஓரமாகத் தள்ளிய பந்து மூன்று முறை தோழியின் காலைத் தாண்டி ஓடிக் கோட்டுக்கு வெளியே போனது. மூன்றாவது முறை ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. கோட்டைத் தாண்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் போய் நின்றது பந்து. அளக்காமலே தெரிந்தது எனக்கு.

விசில் ஊதியதும் ஊர் எழுந்து நின்று கைதட்டியது. தோற்ற பெண்களுக்கு, ஜெயித்த பெண்களுக்கு, எல்லோருக்கும்.

தேசிங்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வாசல்ல உக்காந்து பாத்திருந்தா வாசல்லதான் சார் பாத்திருப்பேன். மூணு வருசமா தெருவத் தாண்டல நானு. இன்னிக்கு எம் பொண்ண எங்க வெச்சி பாத்தேன் பாத்தீங்களா? எல்லாம் உங்க புண்ணியம்!"

புண்ணியம் என்றார். அந்தக் கைகளிலிருந்து என் கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றேன். இப்போது சொன்னால் இவருடைய இந்த நாளையும் அல்லவா பிடுங்கிக்கொள்வேன் என்று தோன்றியது. நல்ல காரணம், இல்லையா? கோழைகளுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. எட்டு ஆண்டுகளாக அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகிழ்ச்சி அவருடையது; பழி அவளுடையது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை!

போன மாதம் உழவர்கரையில் ஒரு பள்ளியைத் தாண்டிப் போனேன். உள்ளிருந்து தெரிந்த குரல். ஸ்கூட்டரை நிறுத்தினேன். வனிதாதான். அங்கே உடற்பயிற்சி ஆசிரியை. ஆட்டத்துக்குக் கோடு போட மாணவிகளோடு மைதானத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"இழுத்துப் புடிங்கடி! தொய்வா புடிச்சீங்கன்னா ஒரு மீட்டரே போயிடும். எனக்குப் போச்சு. ஒரு மேட்சே போச்சு. ரெண்டு வாட்டி அளங்க. மூணு வாட்டி அளங்க!"

என்னைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள். அப்பா நலம் என்றாள். அந்த நாளைப் பற்றி இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாள். பிறகு மாணவிகள் பக்கம் திரும்பினாள்.

"சாரு வந்துட்டாரு. இவரு படிச்சா தப்பே வராது. வாங்க சார், நீங்க படிங்க."

மறுமுனையை அவளே போய்ப் பிடித்துக்கொண்டாள். மண்டியிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி. நகங்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு அழுத்தி.

குனிந்தேன். எண்கள் மங்கலாகத் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தேன்.

"நாற்பத்தெட்டு மீட்டர் முப்பது."

உண்மையான அளவுதான்.

அவள் நாடாவைப் பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.