முன் சீற்றில் பிடித்த கறள்

கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். அந்தக் குடி நான்தான்.

மகளின் கலியாணம் மாங்குளத்தில், மாப்பிள்ளையின் ஊரில். கண்டாவளையிலிருந்து வாடகைக்கு வான் வண்டி பிடித்துப் போவோம் என்று இவர், என் கணவர், சொன்னார். நான் விடவில்லை. சொந்தக் கார் முற்றத்தில் நிற்க, வாடகை வானில் போய் இறங்க என் வீறாப்பு இடம் கொடுக்கவில்லை. பழைய கார். முன் சீற் துருவேறிக் கறள் பிடித்து இறுகி, பின்னே நகராது. அது நகர்ந்தால்தான் இவர் ஏறலாம். இவருக்கு ஒரு கால் தொடையோடு போனது. பொய்க்கால் சரியாக மடங்காது, நீட்டி வைக்க இடம் வேண்டும். பின் சீற்றில் அதைவிட நெருக்கம்.

"சம்பந்தி வீட்டாருக்கு முன்னாலை நான் ரெண்டு காலிலை நிக்கோணும்," என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு கிழமை முன்பே என் தம்பி சீற்றைக் கழற்றித் தந்தான். சீற் ஓடுகிற இரும்புத் தண்டுகள் இரண்டையும் பேசினில் வினாகிரி ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தேன். பிறகு கம்பிப் பிரஷால் தேய்த்தேன். கறள் சேறாகக் கழன்றது.

"கிணத்துத் தண்ணி உப்பு. நல்ல தண்ணியிலை கழுவும்," என்றார் இவர்.

"தண்ணிப் பவுசர் வாறதே கிழமையிலை ரெண்டு நாள். குடிக்கிற தண்ணியை இரும்புக்கு ஊத்தவோ? உங்களுக்கென்ன விசரோ?"

எங்கள் பக்கம் நல்ல தண்ணீரைச் சிந்துகிறவளைப் பெண்ணென்றே மதிக்கமாட்டார்கள். கிணற்றில் அள்ளி அலசினேன். எண்ணெய் போட்டால் பட்டு வேட்டியில் கறையாகப் பிரளும் என்று அதையும் தடுத்தேன். அன்று பின்னேரம் தம்பி பூட்டியதும் சீற் வழுக்கிக்கொண்டு ஓடியது. "பாத்தியளோ?" என்று இவரிடம் வீரம் பேசினேன்.

பிறகு நாலு நாள் மழை. கலியாணக் காலை தம்பி சீற்றை இழுத்தான், உதைத்தான். உப்பில் மறுபடி கறளேறி, அது அசையவில்லை. மகள் முதல் நாளே சொந்தக்காரரோடு போயிருந்தாள். வான் தேட நேரமில்லை. இவர் பொய்க்காலைக் கழற்றிவிட்டு முன் சீற்றில் ஏறி, அதைப் பின்னால் இருந்த என் மடியில் வைத்தார்.

மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னே காரை நிறுத்திப் பொய்க்காலைப் பூட்டலாம் என்றிருந்தோம். சந்தியிலேயே சம்பந்தி வீட்டார் குடைகளோடு நின்றார்கள். காரோடு கூடவே நடந்து வந்தார்கள். காலைப் பூட்ட வேட்டியை இடுப்புவரை தூக்க வேண்டும். இவர் கதவைத் திறக்கவேயில்லை.

"எனக்குத் தலைசுத்துது எண்டு சொல்லும்."

சொன்னேன்.

தாரை வார்க்கத் தாயும் தகப்பனும் சோடியாக நிற்க வேண்டும். தகப்பன் வராவிட்டால் தாய்க்கும் இடமில்லை. தம்பியும் மனைவியும் நின்று என் பிள்ளையைக் கொடுத்தார்கள். நான் தூணோரம் நின்றேன். மகள் என்னைப் பார்த்து அழுதாள். அந்த நேரம் என்னை நானே அறைய வேண்டும் போல இருந்தது.

தாலி கட்டியதும் காருக்கு ஓடினேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வேட்டி கசங்காமல் நிமிர்ந்து இருந்தார்.

"பிள்ளை அழுதவளோ?"

"இல்லை," என்றேன்.

"கெட்டிமேளம் இஞ்சை வரைக்கும் கேட்டது," என்றார்.