ஈச்சிலம்பற்றுக்கு இரண்டு வழிகாட்டிப் பெட்டிகளோடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லிங்கநகரில் மாடி வீடு, துறைமுகத்தடியில் இரண்டு கடை, இரண்டு முறை ஷெல் விழுந்து இரண்டு முறையும் எழுப்பிய அரிசி ஆலை, பத்துப் பேர் போகும் வான். ஒன்றுக்கும் எவரும் எனக்குப் படம் கீறித் தரவில்லை.

பேச்சுவார்த்தை நடந்து துவக்குச்சூடு கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். வான் வாரத்தில் இரண்டு நாள் ஈச்சிலம்பற்றுக்கு ஓடியது. சாரதி சிவம் வவுனியாக்காரர். நன்றாக ஓட்டுவார், எங்கள் பக்கத்து வழி தெரியாது. முன் இருக்கையிலிருந்து வழி சொல்வது நான்தான். முதுகுநோ கூடியதும் மனைவி முடிவெடுத்துவிட்டாள்.

"வழி சொல்லுற மெசின் வந்திருக்காம். அதை முன்னுக்கு வையுங்கோ. நீங்கள் வீட்டில இருங்கோ."

என் இருக்கைக்கு ஆபத்து வந்தது இப்படித்தான்.

காலை 6.30. சந்தைக்கு அருகில் உள்ள கடைக்காரர் இரண்டு பெட்டிகளை நீட்டினார். வானில் சுற்றும் செய்மதிகளைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தை அறிபவை. வர்ணத் திரை உள்ளது 38,000 ரூபாய். மீன்பிடிக்காரர் கொண்டுபோகும் சின்னது 14,500.

"அண்ணை, ரெண்டையும் கொண்டுபோய்ப் பாருங்கோ. பின்னேரம் பிடிச்சதை வைச்சிட்டு மற்றதைத் தாங்கோ."

ஒன்றும் பிடிக்கக் கூடாது என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு ஏறினேன்.

7.40. கிண்ணியாவில் வானைப் பாதையில் ஏற்றினோம். வாகனம் கடத்தும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். வர்ணப் பெட்டிக்குப் பெரிய தெருக்கள் மட்டுமே தெரியும். அதன் கணக்கில் நாங்கள் அரை மணி நேரமாகக் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தோம். கீச்சுக் கீச்சென்று கத்தியது.

கோழிக்கூடையோடு நின்ற பெண் கேட்டாள்: "ஐயா, அது ஏன் கத்துது?"

"நாங்கள் கடலுக்குள்ள தாண்டு போனமாம்."

கூடையைத் தூக்கிக்கொண்டு பாதையின் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டாள். எனக்குப் பெரிய சந்தோசம்.

9.15. மூதூருக்கு முன்னால் காவலரண். பெட்டிகளைக் கண்ட சிப்பாய் எங்களை இறக்கினான். இரவல் சாமான், இரண்டும் 52,500 ரூபாய். சின்ன வயதில் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தபோது பழகிய சிங்களத்தில், இது வழி காட்டும் பெட்டி என்றேன்.

"அப்படியென்றால் என் ஊரைக் காட்டு." குருநாகல் பக்கத்து ஊர்.

சிவம் வர்ணப் பெட்டியை அமுக்கினார். நேர்கோட்டில் நூற்றைம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட என்று காட்டியது.

"இவ்வளவு பக்கமா? நான் போய் ஒன்பது மாதம்" என்று சொன்ன சிப்பாய், திரையை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு எங்களை விட்டான். 38,000 ரூபாய்க்கு அது செய்த வேலை அவ்வளவுதான்.

மூதூருக்கு அப்பால் தெரு ஒடுங்கியது. சின்னப் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் நின்ற இடத்தை நினைவில் வைக்கும் என்று சிவம் கண்டுபிடித்தார்.

"ஐயா, இனி எங்க திரும்புறது?"

"அந்த உடைஞ்ச மதகடியில இடப்பக்கம் திரும்பும்."

ஓர் அமுக்கு. வயல்வரம்பு, ஓர் அமுக்கு. கேட்கக் கேட்கச் சொன்னேன். வெள்ளத்துக்கு எந்தப் பக்கம் தாழும் என்றுகூடச் சொன்னேன். 11.20க்கு, மீற்றரில் அறுபத்தெட்டாவது கிலோமீற்றரில், ஈச்சிலம்பற்றில் இறங்கும்போது இருபத்தாறு அமுக்கு. அப்போதுதான் விளங்கியது, என் இருக்கையை நானே ஆணி ஆணியாகக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று.

1.30. திரும்பும்போது வேண்டுமென்றே பின்னால் இருந்தேன். வாய் திறக்கவில்லை. ஓரிடத்தில் சின்னப் பெட்டியின் அம்புக்குறி நேரே நெல்லுக்குள் காட்டியது. சிவம் வானை நிறுத்திக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கொக்கைப் பார்த்தேன். கொஞ்சம் முன்னால் போய் வளைவில் தானே திருப்பினார். அம்பும் நேராகியது. அதற்குப் பிறகு ஒரு பிழையும் இல்லை.

5.45. சிவம் கடைக்காரரிடம் சொன்னார்: "சின்னனே போதும் அண்ணை. என்ன மூளை அதுக்கு!"

"வெளிநாட்டுச் சாமானெல்லோ" என்றார் கடைக்காரர்.

14,500 ரூபாயை எண்ணி வைத்தேன். எங்கள் மாவட்டத்தில் ஓடுபவர்களும் சின்னதையே வாங்குங்கள். வர்ணப் பெட்டி கொழும்புக்காரருக்கு.

ஆனால் ஒன்று. காலையில் கடைக்காரர் தந்தபோது அந்தப் பெட்டிக்குள் ஒரு சந்திகூட இருக்கவில்லை. இருபத்தாறும் என் வாயிலிருந்து போனவை. ஆகவே அதை வைத்து ஈச்சிலம்பற்றுக்குப் போய்ச் சேருபவர் எவராயினும், மெசின் கொண்டுவந்து விட்டது என்று சொல்லக் கூடாது. லிங்கநகர் கணபதிப்பிள்ளை கொண்டுவந்து விட்டார் என்றே சொல்ல வேண்டும்.