படகுக்காக இடிந்த சுவர்

எழுபதுகளில், தாம்பரத்தில் எங்கள் கொல்லையில் மெல்லிய தேவதாரு மரக் கீற்றுகளை ஒட்டிப் படகு ஒன்று கட்டினேன். ஞாயிறு மட்டும்தான் எனக்கு ஓய்வு. இழைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் அன்றுதான். பக்கத்து வீட்டு ஞானமணி சார் சர்ச்சுக்குப் போய்வந்து தூங்குவதும் அப்போதுதான். சுவருக்கு இருபுறமும் நின்று வாரம் தவறாமல் திட்டிக்கொண்டோம்.

வார்னிஷ் காய்ந்த பிறகுதான் உறைத்தது: தெருவுக்குப் போகும் சந்தில் படகு திரும்பாது. சார் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அறுத்து அடுப்புல வெச்சிடறேன், போதுமா சார்?" என்று ரம்பத்தை எடுத்தேன்.

உள்ளே போனவர் கடப்பாரையோடு வந்து அந்தச் சுவரையே இடித்தார்.

"எங்க வீட்டு வழியா எடுத்துட்டுப் போய்த் தொலைங்க. மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சீங்கன்னா என்னால தாங்க முடியாது!"

நன்றிகூடச் சொல்லாமல் அந்த வழியாகவே படகைத் தெருவுக்குக் கொண்டுபோனேன். அதன்பின் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. சுவரைத் திரும்பக் கட்டவும் இல்லை.