அம்புக்குறியைச் சொல்லாத கையேடு

கைபேசிச் செயலிகளுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது என் வேலை. பாறசாலையிலிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரம் போய் வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எவ்வளவு சொல்வது என்பது எங்கள் அலுவலகத்தில் தீராத சண்டை. நிறையச் சொன்னால் மிரண்டுவிடுவார்கள், குறைத்துச் சொல்வோம் என்பது என் கட்சி.

அக்காவைக் குன்னத்துகாலில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்கு வயிற்றில் புற்றுநோய். இனி வேதனை தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து வலி தணிப்பு நிலையம் ஒன்றின் நர்ஸ் வீட்டுக்கே வந்து மருந்து கொடுப்பார். கூப்பிட்டால் வருகிற வழக்கத்தை மாற்றி அந்த நிலையம் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. கூடவே வழவழப்பான ஒரு தாள். ‘உங்கள் தேவையைக் கட்டத்தில் எழுதுங்கள். செவிலியர் வருவார்.’ எழுதியபின் செய்ய வேண்டியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அக்கா அதுவரை பட்டன் போன் மட்டுமே வைத்திருந்தவள். இதற்காகத்தான் தொடுதிரை போன் வாங்கினாள்.

வாரத்தின் நடுவில் நான் அழைத்தபோது, “எழுதியாச்சு மக்கா, வருவாவ” என்றாள். நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து போனேன். அத்தான் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார். வாயில் துண்டைக் கடித்திருந்தார்.

“நர்ஸ் வரல்லியா?”

“வரல்ல. அவியளுக்கு எத்தனையோ நோயாளிய உண்டு. நம்ம முறை வரும்போ வருவாவளாக்கும்.” அவள் குரலில் கோபம்கூட இல்லை.

போனை வாங்கிப் பார்த்தேன். கட்டத்துக்குள் அவள் எழுதியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கிடந்தது. வேதனை கூடுதலா உண்டு. மருந்து தீந்து போச்சு. ஒண்ணு வரணும். தூங்கல்ல. தயவு செஞ்சு வரணும். பக்கத்திலிருந்த அம்புக்குறியை அவள் ஒருமுறையும் தொடவில்லை. எதுவுமே போகவில்லை.

அதைத் தொட்டேன். எல்லாம் ஒரே செய்தியாகப் போயிற்று. மதியத்துக்குள் நர்ஸ் வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே போனைக் காட்டி, “சேச்சி, இது இன்னாணு கிட்டியது” என்றார். இன்றைக்குத்தான் கிடைத்ததாம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் விளக்கினேன். அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

ஊசி போட்ட பிறகு அத்தான் கையும் காலும் தளர்ந்து தூங்கினார். அடுத்த ஞாயிறுக்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அக்கா என்னிடம் சொன்னாள்: “அவரு கேப்பாரு, எழுதினியாட்டீன்னு. எழுதினேன்னு சொல்லுவேன். நான் பொய் சொல்லல்ல மக்கா.”

“இல்லக்கா.”

“அவரு நம்பினாரா என்னவோ.”



நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பொறுப்பிலிருந்த பெண் வருத்தப்பட்டார், தாளை மாற்றி எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அம்புக்குறியின் படம், அதைத் தொட வேண்டும் என்று ஒரு வரி. தொட்டதும் எழுத்து கட்டத்தை விட்டு மேலே போகும், கட்டத்திலேயே கிடந்தால் செய்தி போகவில்லை, உடனே இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று இன்னும் சில வரிகள்.

அவர் படித்துவிட்டுத் தயங்கினார். “இவ்வளவு சொன்னா, நம்மள ஒண்ணும் தெரியாதவங்கன்னு நெனச்சிட்டாங்களேன்னு வருத்தப்பட மாட்டாங்களா?”

“தெரிஞ்சவங்க தாண்டிப் போயிருவாங்க, மேடம். தெரியாதவங்களுக்கு வேற வழி கிடையாது.”

அவர் ஒரு வரியையும் வெட்டவில்லை. அந்தத் தாள் இப்போது உதியன்குளங்கரைப் பக்கத்து வீடுகளிலும் கிடைக்கிறது. அலுவலகத்தில் என் கட்சியில் நான் இப்போது இல்லை. தாள் நீளுகிறது என்று திட்டு வாங்குகிறேன்.

அக்காவிடம் அந்தத் தாளை இதுவரை காட்டவில்லை. போன வாரம் போயிருந்தேன். தொடுதிரை போனை விற்றுவிட்டு மறுபடி பட்டன் போன் வாங்கியிருந்தாள்.