மழை லீவில் ஒரு விறகுப் படகு

கடல் பார்க்க ஆசைப்பட்டவள் நான். அதற்கு மழைக்காலத்தில் நாள் குறித்தவர் என் மாமா. குற்றவாளி யார் என்பதைப் படித்து முடித்ததும் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆரணியில் பட்டு நெய்கிற எங்களுக்கு மழைதான் லீவு. தெரு நீளத்துக்குப் பட்டிழைகளை இழுத்துக் கட்டிப் பாவு போட முடியாது. நெய்கிறவர் கால் விட்டு உட்காரும் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். அதனால் கல்யாணமோ கோயிலோ, ஊருலகம் வீட்டுக்குள் ஓடி ஒளியும்போதுதான் நாங்கள் குடையும் மூட்டையுமாகக் கிளம்புவோம். இந்த 1974 கார்த்திகையிலும் குழி நிறைந்தது. எங்கள் பள்ளிக்கூடக் கூரையும் தன் பங்குக்கு ஒழுகி நாலு நாள் லீவு வாங்கிக் கொடுத்தது. "கெளம்பு செல்வி, மாமல்லபுரத்துல கடல் காட்றேன்" என்றார் மாமா. அவரே கடலைப் பார்த்ததில்லை என்பது அத்தைக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மாமா, அத்தை, நான் மூவரும் ஆரணியில் பஸ் ஏறினோம். சேத்துப்பட்டு, செஞ்சி வழியாகத் திண்டிவனம் 85 கிலோமீட்டர். ஆளுக்கு மூன்று ரூபாய் இருபது பைசா. அங்கிருந்து மரக்காணம் 35 கிலோமீட்டர், ஒன்று இருபது. நேரே மாமல்லபுரத்துக்கே பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் மாமாவுக்குத் தெரிந்த ஏழுமலை என்பவர் மரக்காணத்திலிருந்து சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாயில் வடக்கே போகிறாராம். படகுக்கூலி கிடையாது, அரிசி மட்டும் கொண்டுவந்தால் போதுமாம். சனிக்கிழமை மத்தியானம் மாமல்லபுரம், ஞாயிறு பஸ் பிடித்து ஊர், திங்கள் காலை மாமா தறியில், நான் வகுப்பில். திட்டம் பட்டுச் சேலை மடிப்பு மாதிரி கச்சிதமாக இருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்குப் படகு கிளம்பியது. எதிர்காற்று என்பதால் பாய் விரிக்கவில்லை. கரையில் நடந்தபடி ஏழுமலையும் அவர் மச்சானும் கயிற்றால் இழுத்தார்கள். ஆறு மைல் போவதற்குள் இருட்டிவிட்டது. வெள்ளி விடியற்காலை ஐந்து மணிக்கு மறுபடி இழுக்கத் தொடங்கிய பத்தாம் நிமிடம், கொட்டுகிற மழையில் கயிறு அறுந்தது. மச்சான் சேற்றில் உட்கார்ந்தார், படகு கரையில் உட்கார்ந்தது.

"இன்னிக்கி அவ்ளோதாங்க. கட்டிப் போட்டுட்டு வேலையப் பாக்கலாம்" என்றார் ஏழுமலை.

"மழைல இன்னா வேல?" என்றார் மாமா, நிஜமாகவே புரியாமல்.

"மழன்னாதாங்க எங்களுக்கு வேல. ஓட்டை அடைக்கணும், பாய் தைக்கணும், தண்ணி எறைக்கணும். நல்ல நாள்ல படகு ஓட்டுவமா, தச்சிகினு குந்தியிருப்பமா?"

மழையில் லீவு விடுகிற கூட்டம், மழையில் வேலை வைத்திருக்கிற கூட்டத்தோடு ஒரே படகில் ஏறினால் என்ன ஆகும்? என்ன ஆனது என்றால், என் கையில் ஒரு தகர டின் வந்தது. நான் பத்து டின் இறைத்தால் மேலேயிருந்து பன்னிரண்டு டின் விழுந்தது. கூரைக் கீற்றில் ஒழுகாத இடம் ஒன்றே ஒன்று. அதில் மாமாவின் குடை படுத்திருந்தது. சமையல் அதைவிடக் கேவலம். படகு நிறைய விறகு, அடுப்புக்குள் வைக்கக் காய்ந்த குச்சி ஒன்றில்லை. அத்தை ஊதி ஊதியே கஞ்சி வடித்தாள்.

அறுந்த கயிற்றை மாமாவிடம் கொடுத்ததுதான் ஏழுமலை செய்த பெரிய தப்பு. பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்ப்பது மாமாவின் தொழில். விரலில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்து ஒவ்வொரு நாராக முறுக்க ஆரம்பித்தார். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தவர் பதினொன்றரைக்கும் நிமிரவில்லை.

"யோவ் அண்ணாத்தே, கயிறு கட்டச் சொன்னா பொடவ நெய்ஞ்சிகினு கீறியே! முடி போடுய்யா!" என்று கத்தினார் ஏழுமலை.

"முடி போட்டா துருத்தினு தெரியுங்க" என்றார் மாமா, கயிற்றுக்குக் கல்யாணம் நிச்சயமானது போல.

இந்தப் பேஜாரில் நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அத்தையை ஒரு துள்ளு துள்ள வைக்கலாம் என்று, "அத்தே, இந்தக் காவால மொதல இருக்காம்" என்றேன். அத்தை துள்ளினாள். ஆனால் அதற்கப்புறம் தண்ணீர்ப் பக்கமே கையை நீட்டவில்லை. ஐந்து பேர் சாப்பிட்ட, கரி பிடித்த அத்தனை பாத்திரமும் என் தலையில். நான் வளர்த்த முதலை என்னைத்தான் கடித்தது.

மூன்று மணிக்குக் கயிறு தயாரானபோது கரைப்பாதை தண்ணீருக்கடியில் போயிருந்தது. "நாளைக்கும் சந்தேகந்தான்" என்றார் ஏழுமலை. மாமா விரல்விட்டு நாள் எண்ணினார். "காலைல மரக்காணத்துக்கே நடந்துடலாம். திங்கக்கெழம தறி இருக்குதே" என்றார். கடல் போச்சு. கரி அப்பிய கையோடு விறகுமேல் உட்கார்ந்து அழுதேன். மழையில் அழுவதில் ஒரு சௌகரியம், மானம் போகாது.

"இன்னாத்துக்கு பாப்பா அழுவுற?" என்றார் ஏழுமலை.

"மாமல்லபுரம் போய் கடல் பாக்கணும்னு வந்தேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காலைலேர்ந்து காதுகிட்ட எரைஞ்சிகினு கீதே, அது இன்னா?"

"மழை."

"மழைதான் அரைமணி முன்னியே தூறலாயிடுச்சே!"

அப்போதுதான் கேட்டது. மழை ஓய்ந்தும் ஓயாமல் ஓர் இரைச்சல். பகலெல்லாம் தறி இரைகிற தெருவில் பிறந்தவர்கள் நாங்கள். விடாமல் கேட்கும் சத்தம் எதையும் எங்கள் காது கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று பேரும் ஒரு நாள் முழுக்கக் கடலைக் கேட்டுக்கொண்டே கயிறு முறுக்கி, கஞ்சி வடித்து, பாத்திரம் தேய்த்திருக்கிறோம்!

"அந்தச் சவுக்குத் தோப்புக்கு அந்தாண்ட. அர மைல்" என்றார் ஏழுமலை.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதென்று நான் கூவியதை மாமா நம்பவில்லை. "மொதல சொன்ன வாய்தான இது?" என்றார். ஏழுமலை சத்தியம் செய்த பிறகுதான் எழுந்தார். நடக்கப் பதினைந்து நிமிடம். தோப்பு முடிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கடல், வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாமல். மாமா வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. பதினைந்து வருஷத்தில் நான் பார்த்த முதல் அதிசயம் அது, கடல் இரண்டாவது.

"இதுல மொதல இருக்காதே?" என்று அத்தை என் கையைப் பிடித்தாள். "இல்ல அத்தே. அங்கயும் இல்ல" என்றேன். முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, அதே கையைப் பிடித்தபடி முழங்கால்வரை இறங்கினாள்.

போக நினைப்பவர்களுக்கு: தை பிறந்தபின் போங்கள். காய்ந்த சுள்ளி ஒரு கட்டு வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள், விறகுப் படகாக இருந்தாலும். கயிறு எதையும் நெசவாளி கையில் தராதீர்கள். படகு நிற்கிற இடத்தில் கடல் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள்.

சனிக்கிழமை காலை, தண்ணீர் ஏறாத தோப்போரமாகவே மரக்காணத்துக்கு நடந்தோம். திங்கட்கிழமை தறி இருக்கிறதென்று அடித்துப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம் அல்லவா? திங்கள் காலை பார்த்தால் தறிக்குழியில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடத்துக்கு மேலும் இரண்டு நாள் லீவு. மாமா குழியையே பார்த்துக்கொண்டு, "எங்கியாவது போயி வரலாமா?" என்றார். அத்தை, தண்ணீர் இறைக்க ஒரு டின்னை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.