அனார்குல் வீட்டு ஜன்னல் வழி

பிஷ்கெக்கில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயை மாற்றுகிறேன் என்று தெருவைத் தோண்டுகிறவன் எப்போதும் இரண்டு வாரம் என்றுதான் சொல்வான். எந்த வருடத்து இரண்டு வாரம் என்று சொல்லமாட்டான். ஆகஸ்டில் எங்கள் அடுக்குமாடி முற்றத்தின் அந்தக் கோடியில் ஆரம்பித்த பள்ளம், செப்டம்பர் பாதியில் ஊர்ந்து ஊர்ந்து மூன்றாவது வாசலுக்கு வந்து, படிக்கு முன்னால் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டது. முதல் நாள் ஆம்பிளைகள் தாண்டிப் பார்த்தார்கள். இரண்டாம் தளத்து வாத்தியார் இடுப்பு வரை சேற்றில் இறங்கியதும் தாண்டுவதை நிறுத்தினார்கள்.

அனார்குல் தரைத்தளத்துக்காரி. வாத்தியாரைத் தூக்கிவிட்ட கையோடு தன் கூடத்து ஜன்னலைத் திறந்து, "எல்லாரும் இப்படி வாங்க. வேற என்ன பண்றது" என்றாள். அவள் புருஷன் ஓர்மோன் ஜன்னல் கம்பியைக் கழற்றி ஓரமாகச் சாத்தினான். வெளியே ஒரு மரப்பெட்டி, உள்ளே ஒரு முக்காலி. ஜன்னலில் ஏறி, கூடத்தைத் தாண்டி, அவள் வீட்டுக் கதவைத் திறந்தால் மாடிப்படி. பதினாலு குடும்பமும் அப்படித்தான் போய்வந்தது. செருப்போடே நடந்து வாங்க என்று அவள் பழைய தார்ப்பாயை விரித்தும் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்குள் செருப்போடு நடக்க யாருக்கு மனசு வரும்? எல்லாரும் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கிர்கிஸ் வீட்டுக்குள் வந்தவரை ரொட்டியில் ஒரு துண்டாவது பிய்த்து வாயில் போடாமல் வெளியே விடுவதில்லை. வாசலில் நின்று சேதி சொல்ல வந்தவனைக்கூட விடமாட்டார்கள். பதினாலு குடும்பம், போக ஒருதரம், வர ஒருதரம் என்று அவள் மூளை யோசிப்பதற்குள் அவள் கை கூடத்து மேசையில் ரொட்டியையும் பாலேட்டையும் வைத்துவிட்டது. வைத்த பிறகு எப்படி எடுப்பது?

"நம்ம வீடு ஓஷ் பஜார் ஆயிடுச்சு," என்றான் ஓர்மோன். "அஞ்சாம் தளத்துக்காரன் காலைல மூணு தடவை எதையோ மறந்துட்டேன்னு திரும்பி வர்றான். மறதியாம். பாலேட்டைப் பாத்தாத்தான் வருது அந்த மறதி."

"வந்தா வரட்டும். உன் பங்கையா திங்கறான்?"

அவளுக்கு அது பிடித்திருந்தது, அதுதான் உண்மை. நாரின் மலைப்பக்கத்திலிருந்து இருபது வயதில் ஆடைத் தொழிற்சாலைக்கு வந்தவள். தொழிற்சாலையை மூடியபோது மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டாள். முப்பத்தேழு வருடமாகத் தைப்பது சட்டைக் கை மட்டும். ஒரு முழுச் சட்டை தைத்ததில்லை. கேட்டால், "எனக்கு உடம்பு வராது, கைதான் வரும்" என்பாள். இப்போது கை தைத்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக மனிதர்கள் வந்து, யார் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள், யாருக்கு ரத்தக் கொதிப்பு என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். உட்கார்ந்த இடத்தில் இவ்வளவு சேதி அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை.

ஒருத்தி மட்டும் வரவில்லை. நாலாம் தளத்து புரூல்.

தொழிற்சாலையில் அனார்குல் கை தைத்த காலத்தில் பக்கத்து மெஷினில் காலர் தைத்தவள் புரூல். இருபத்தெட்டு வருடச் சிநேகம். அது நாலு வருடத்துக்கு முன்பு அனார்குலின் மகன் கல்யாணத்தில் ஒரு எலும்பில் முறிந்தது. விருந்தில் ஆட்டிறைச்சியை வயதுக்கும் மரியாதைக்கும் தக்கபடி எலும்பு எலும்பாகப் பங்கு வைப்பார்கள். இடுப்பெலும்பு புரூலுக்கு வந்திருக்கவேண்டும். அனார்குல் அதைச் சம்பந்தி வீட்டு அத்தை ஒருத்திக்கு வைத்துவிட்டாள். அந்த அத்தை புரூலைவிட ஆறு வயது இளையவள். புரூலுக்கு வந்தது தோள்பட்டை எலும்பு, சின்னப் பெண்களோடு சேர்த்து.

"நம்ம வீட்டு ஆள்தானேன்னு நெனச்சுட்டேன் அக்கா," என்றாள் அனார்குல் அன்றைக்கே.

"வீட்டு ஆள்னா வயசு குறைஞ்சிடுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள்தான் புரூல். அதற்கப்புறம் படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள்.

ஒரு வீட்டு ரொட்டியைத் தின்றுவிட்டு அந்த வீட்டோடு பகை வைத்துக்கொள்ள முடியாது. புரூலுக்கும் அது தெரியும். அதனால் அவள் பக்கத்துப் படிக்கட்டான இரண்டாம் வாசல் வழியே ஐந்து தளம் ஏறி, கூரைத் திறப்பில் நுழைந்து, கூரைமேல் நடந்து, இந்தப் பக்கத் திறப்பில் இறங்கித் தன் வீட்டுக்குப் போனாள். அறுபது வயது. வலது முட்டி சரியில்லை. பிடிவாதம் மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

முதல் நாள் அனார்குல் சிரித்தாள். "ஏறட்டும், எத்தனை நாள் ஏறுவான்னு பாக்கறேன்." நாலு நாளில் இறங்கிவிடுவாள் என்று நினைத்து, புரூலுக்குப் பிடித்த சர்க்கரைப்பாதாமி ஜாமை மேசையில் எடுத்து வைத்தாள். அந்த ஜாமை அஞ்சாம் தளத்துக்காரன் தின்று தீர்த்தான். பதினாறாம் நாள் மழை பிடித்தது. பிற்பகலில் புரூல் உருளைக்கிழங்குப் பையோடு இரண்டாம் வாசலுக்குள் நுழைவதை ஜன்னலில் இருந்து பார்த்த அனார்குலுக்குத் தையல் ஓடவில்லை. கூரைத் தகரம் வழுக்குமே என்று மேலேயே காதை வைத்திருந்தாள். மேலே நாலாம் தளத்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் மெஷினை மிதித்தாள்.

மறுநாள் காலை மழை விட்டதும் ரொட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனாள். மேஸ்திரி எசென் குழாய்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் பெரிய இரும்புத் தகடு சும்மாதானே கெடக்கு. அதை எங்க வாசல்ல போட முடியாதா?"

"அரை நாள் வேலை, அக்கா. கிரேன் வரணும். உங்க வீட்டு வழி இருக்கேன்னுதான் விட்டுட்டோம்." அவன் ரொட்டியைப் பிய்த்தான். "தகடு போட்டா அப்புறம் உங்க வீட்டுப் பக்கம் யாரும் வரமாட்டாங்க. பரவால்லையா?"

புரூல் வராவிட்டால் போகிறாள், கால் உடையாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள் அனார்குல்.

"பரவால்ல. இன்னிக்கே போடு."

அன்று சாயங்காலமே தகடு விழுந்தது. பதினாலு குடும்பமும் டங் டங்கென்று அதன்மேல் நடந்து வாசல் வழியாகப் போனது. அடுத்த நாள் காலை அனார்குல் பழக்க தோஷத்தில் மேசையில் ரொட்டி வைத்தாள். யாரும் தொடவில்லை. வீடு காலியாகத் தெரிந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்ததால் வேகமாகத் தைத்தாள், இரண்டு இடது கையை ஒரே சட்டைக்குச் சேர்த்துக் கட்டிவைத்தாள்.

ஓர்மோன் ஜன்னல் கம்பியைத் திரும்ப மாட்டத் திருப்புளியோடு நின்றபோது படிப்பக்கக் கதவு தட்டப்பட்டது. புரூல் நின்றாள். கையில் செருப்பு.

"தகடு போடச் சொன்னது நீதானாமே. எசென் சொன்னான்."

"ஆமா."

புரூல் உள்ளே வந்தாள். மேசையருகே நின்று, ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, பாலேட்டில் தோய்த்து, மெதுவாக மென்று விழுங்கினாள்.

"உப்பு கம்மி," என்றாள். பிறகு நேரே ஜன்னலுக்குப் போய் முக்காலிமேல் ஒரு காலை வைத்தாள்.

அனார்குல் பதறி எழுந்தாள். "அக்கா, வாசல்தான் சரியாயிடுச்சே. அதுல போலாமே."

"ஊர்ல உள்ளவன் எல்லாம் இதுல போயிருக்கான். எனக்கு மட்டும் கெடையாதா? கையக் குடு, முட்டி மடங்கல."

அனார்குல் கை கொடுத்தாள். புரூல் முனகிக்கொண்டே பெட்டிமேல் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "கடைக்குப் போறேன். பத்து நிமிஷத்துல வந்துடுவேன். தேநீர் போட்டு வை."

ஓர்மோன் கம்பியைத் தூக்கினான். "இப்ப மாட்டிடவா?"

"உனக்கு என்ன அவசரம்," என்றாள் அனார்குல். "அவ எந்த வழியா வருவான்னு யாருக்குத் தெரியும்."