பூனை உடைத்த சீனக் கோப்பை

எங்கள் அம்மாவுக்கு இந்த உலகத்தில் இரண்டு பகை இருந்தன. ஒன்று எங்கள் வீட்டுப் பூனை. மற்றது என்றோ எங்கள் கடலில் மூழ்கிப்போன ஒரு சீனக் கப்பல்.

கப்பலை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி, கலியாணம் ஆகாதவர், ஊர்காவற்றுறையில் எங்களோடுதான் இருந்தார். சண்டை முடிந்து கடல் திறந்ததும் கடலட்டை பிடிக்க மூச்சடக்கிக் கடலடிக்குச் சுழியோடப் போனவர், ஒருநாள் அட்டையோடு சிப்பி படர்ந்த கோப்பை ஒன்றையும் கொண்டுவந்தார். சுரண்டிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கான். உள்ளே அடியில் நீல நிறத்தில் ஒரு மீன். அதற்குப் பிறகு அவருக்கு அட்டையில் பாதிக் கண், கோப்பையில் ஒன்றரைக் கண். ஒன்று மெல்ல மெல்ல ஆறாயிற்று.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும், குடத்தோடு வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். மாமா அந்தத் தண்ணீரில்தான் கோப்பைகளை ஊறவைத்தார். உள்ளே இருக்கும் உப்பு இறங்காவிட்டால் மேற்பூச்சு பொரிந்து கொட்டிவிடுமாம்.

“மனிசருக்குக் குடிக்கத் தண்ணி இல்லை. சீனாக்காரன்ரை கோப்பைக்கு நாள் தவறாமல் முழுக்கு” என்று அம்மா அடுப்படியில் நின்று சொல்வார்.

கடலில் செத்தவர்களின் பாத்திரத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் வாய்வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். கோப்பைகள் அடுப்படி வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. மாமாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியில் அவை கிடந்தன. ஆனால் அம்மாவின் பகையும் ஒரு தினுசான பகைதான். இறந்த ஆத்துமாக்களின் திருநாளில் சேமக்காலைக்குப் போய் எங்கள் ஆட்களின் கல்லறைகளுக்குத் திரி கொளுத்திவிட்டு, ஒரு மெழுகுதிரியை மிச்சம் பிடித்துக் கடல் பக்கத்து மதிலில் வைப்பார்.

“இது சீனாக்காரருக்கு. அதுகளுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?”

அந்தக் கோப்பைகளை அடிக்கடி இழுத்து எண்ணிப் பார்ப்பது என் வேலை. ஒருநாள் ஒன்று குறைந்தது. நான் கத்தி முடிப்பதற்குள் மாமா, பூனை உடைத்துவிட்டது என்றார். உடைந்த துண்டு ஒன்றைக்கூட யாரும் காணவில்லை. பூனையின் மேல் எந்தக் குற்றம் வந்தாலும் அம்மா சாட்சி கேட்பதில்லை. அன்றோடு பூனைக்கு மீன்தலை நின்றது.

சில மாதங்களில் நெடுந்தீவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. நல்ல குடும்பம், நல்ல பெண். மாமா சாப்பாட்டுத் தட்டில் குழம்பு ஊற்ற மறந்து வெறும் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். தடையாக இருந்தது பெண்ணின் தாய்தான். சுழியோடுகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டுக் கரையில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தார். ஆனாலும் முறைக்கு ஒருதரம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அந்த ஒரு வருகையில்தான் மாமாவின் வாழ்வு தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கே அது தெரிந்தது.

தாயும் தகப்பனும் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒரு கூட்டமே வந்தது. நெடுந்தீவில் ஒருவர் படகேறினால் ஆசுப்பத்திரிக்குப் போகிறவர், சீலை எடுக்கப் போகிறவர் என்று சொந்தம் முழுக்கக் கூட ஏறும். அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய தேநீர்க் கோப்பைகளும் போதவில்லை. அம்மா பலகாரத் தட்டோடு விறாந்தைக்கு ஓடிக்கொண்டே, “கோப்பை காணாது பிள்ளை, எங்கையாவது பாத்து எடு” என்றார்.

பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே ஐந்து இருந்தன.

தேநீர்த் தட்டம் விறாந்தைக்கு வந்த பிறகுதான் அம்மா கண்டார். முகம் வெளுத்துப்போயிற்று. மாமாவின் முகம் அதைவிட வெளுத்தது. அந்தச் சட்டத்தை ஒருநாளும் மதிக்காத மாமாவுக்கு ஏன் இந்தப் பயம் என்று நான் அதிசயப்பட்டேன்.

பெண்ணின் தாய் வந்ததிலிருந்து முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய கைக்குச் சீனக் கோப்பை ஒன்றுதான் போயிருந்தது. குடிக்கக் குடிக்கத் தேநீர் வற்றி அடியில் நீல மீன் வெளியே வந்தது. அவர் குடிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

“இந்த மீன் எங்கடை வீட்டிலையும் ஒண்டு கிடக்கு” என்றார். “கரையிலை பொறுக்கினனான் எண்டு எங்கடை பிள்ளை சொன்னவள். வந்த சம்பந்தம் எல்லாத்தையும் வேண்டாமெண்டு போட்டு, அதைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுக்கிறாள்.”

மாமா கூரை ஓடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். விருந்தாளிகள் முன்னால் எல்லோரும் இப்படி ஊமையாக இருப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. நானே பேச்சைத் தொடர்ந்தேன்.

“எங்களிட்டையும் ஆறு இருந்தது, அன்ரி. ஒண்டைப் பூனை உடைச்சுப்போட்டுது.”

அவர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். வாசலில் படுத்திருந்த பூனையையும் ஆற அமரப் பார்த்தார்.

“அப்ப உங்கடை பூனை நெடுந்தீவு வரைக்கும் வந்து போயிருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை. அவருடைய கணவர் சிரித்தார், சீலை எடுக்க வந்தவர்களும் சிரித்தார்கள். அம்மா வாயைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கினார். மாமாவின் காது இரண்டும் சுட்ட இறால்போலச் சிவந்திருந்தன. பெண்ணின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையை என்னிடம் நீட்டி, “இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தும் பிள்ளை” என்றார். கடைசிப் படகுக்குப் புறப்படுமுன் கலியாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று. நான் போட்ட தேநீரின் ருசிதான் அவர் மனத்தை மாற்றியது என்று நெடுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாமி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய பெட்டியில், சேலைகளுக்கு நடுவே, ஆறாவது கோப்பையும் வந்தது. ஒரு கீறல் இல்லை. அன்று அம்மா, யாரும் கேட்காமலே, பெரிய மீன்தலை ஒன்றைப் பூனைக்கு வைத்தார். அடுத்த ஆத்துமாக்களின் திருநாளில் சீனாக்காரருக்கு இரண்டு திரி எரிந்தது.

எனக்குப் பூனைமேல் பெரிய மதிப்பு உண்டாயிற்று. தூறல் விழுந்தாலே கட்டிலுக்குக் கீழே ஓடுகிற இந்தப் பூனை, குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறி, அங்கே படகேறி, அலையில் கோப்பை உடையாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எப்படித் திரும்பி வந்தது என்று பல நாள் அதன் முன்னால் குந்தியிருந்து யோசித்தேன். அந்தப் பயணத்தை வீட்டில் வேறு யாராவது போயிருக்கலாம் என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.